மகன் அனுப்பிய ஸ்பீக்கர்

மகன் பேசும்போது எங்கே நிறுத்துவான், எங்கே செருமுவான் என்பதெல்லாம் செபஸ்தியம்மாவுக்கு மனப்பாடம். ஒரு மாதமாக அவன் பேசி அனுப்பிய கசெற்றைத்தான் போட்டுப் போட்டுக் கேட்கிறாள். அன்று மாலை, அவன் பேச்சுக்குப் பின்னால் வேறு யாரோ மூச்சு விட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ."

"ஏனப்பா, நல்லாயில்லையோ?" குறடும் கையுமாக நிலத்தில் குந்தியிருந்த அவள் கணவர் யாக்கோப்பு நிமிர்ந்தார்.

ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்து நின்ற அந்த வீட்டில், தகப்பன் காலத்துத் தேக்குமரப் பெட்டிகள் இரண்டிலும் இருந்த ஸ்பீக்கர்களின் கடதாசிக் கூம்புகளை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது. எந்தக் குரலும் சாக்குக்குள் இருந்து வருவதுபோலத்தான் வரும். ஜேர்மனியில் இருக்கும் மகன் கிறிஸ்தோப்பர், ஊருக்கு வந்த ஒருவரிடம் புது ஸ்பீக்கர்களும், மெல்லிய ஒலிகளுக்கென்றே செய்த குட்டி வெள்ளிநிற ருவீற்றர்களும் கொடுத்துவிட்டிருந்தான். அன்றுதான் யாக்கோப்பு பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, ஈயம் வைத்து ஒட்டி முடித்திருந்தார். வீடெல்லாம் உருகிய ஈயத்தின் மணம்.

"பொடியன் பேசேக்கை பின்னாலை ஆரோ மூச்சு விடுகினம்."

"அவன்தான் விடுறான். மூச்சு விடாமல் கதைக்க அவனென்ன மீனே? இவ்வளவு நாளும் பழசு விழுங்கிப்போட்டுது. இப்பதான் உமக்குக் காது திறந்திருக்கு."

சிரித்துக்கொண்டே பின்னுக்குச் சுற்றிப் போட்டார்.

"அம்மா, இஞ்சை சரியான குளிர். கதவைப் பூட்டிப்போட்டுப் போர்வைக்குள்ளை இருந்துதான் பேசுறன். தனியத்தான் இருக்கிறன்..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அது மூச்சு விட்டது. ஈரமான, நீளமான மூச்சு. பிறகு கதவுப் பலகையில் மேலிருந்து கீழாக, அவசரமேயில்லாமல், ஒரு நகம் இழுபட்டது.

யாக்கோப்பின் சிரிப்பு வற்றிப்போயிற்று. ஒரு பெட்டியின் வயரைக் கழற்றினார்; மற்றதிலும் அதே மூச்சு. ருவீற்றர் வயரைக் கழற்றினார். மகன் மட்டும் பேசினான். திரும்பக் கொழுவினார். மூச்சு வந்தது.

"முதலே இருந்திருக்கு," என்றார் மெதுவாக. "எங்களுக்குத்தான் கேக்கேல்லை. கதவுக்கு வெளியிலை நிக்குது."

"ஐயோ, அவனுக்குச் சொல்லுங்கோ!"

எப்படிச் சொல்வது? அவன் அறையில் ரெலிபோன் இல்லை. கடிதம் போய்ச்சேர வாரக்கணக்காகும். இருட்டினால் ஊரடங்கு. ஓடிப்போய் அந்தக் கதவடியில் நிற்கலாமென்றால் அவள் கால்களுக்கு முன்னால் இருந்ததெல்லாம் கடல்தான்.

வாசல் படலையில் நின்று மேரிஜோசப்பின் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண். ஜேர்மனியில் இருக்கும் புருசனிடம் போகிறாள்.

"அன்ரி, தம்பிக்குக் குடுக்கிறதெண்டால் கெதியாத் தாங்கோ. கடைசி பஸ் வெளிக்கிடப்போகுது!"

வெறுங்கசெற் வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் எல்லா வீடுகளிலும்போல, வந்த கசெற்றிலேயே வந்த பேச்சின் மேல் தங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவதுதான் அங்கும் வழக்கம்.

"இதுக்கு மேலையோ?" அவளுக்குக் கை கூசியது. "அந்த மூச்சுக்கு மேலையோ?"

"வேறை என்ன செய்யிறது? பேசும்!"

பேசினாள். "ராசா, கதவைத் திறவாதை. ஆர் கூப்பிட்டாலும் திறவாதை. அம்மா சொல்லுறன்." மூன்று தரம் சொன்னாள். போட்டுக் கேட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. மேரிஜோசப்பின் கசெற்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வாரங்கள் போயின. செபஸ்தியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எழும்புவாள். ஒருநாள் மகனின் கசெற் வந்தது. மாலைச் செபம் முடிந்ததும், இருவரும் பெட்டிகளுக்கு முன்னால் கதிரையில் இருந்தார்கள்.

"அம்மா, நீங்கள் சொன்னமாதிரியே கதவைத் திறந்திட்டன்."

யாக்கோப்பு அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை.

"திற ராசா, அம்மா சொல்லுறன் எண்டு மூண்டு தரம் சொன்னீங்கள்தானே. ஆனால் வாசல்லை நிப்பீங்கள் எண்டு நான் நினைக்கவேயில்லை." மகன் சிரித்தான். "எப்பிடியம்மா வந்தனீங்கள்? கையெல்லாம் ஏன் இவ்வளவு ஈரம்?"

வெளியே கடல் இரைந்தது.

"அப்பாவோடை கதையுங்கோவன்," என்றான், அங்கே பக்கத்தில் இருந்த யாரிடமோ.

மூச்சு. இப்போது மிகக் கிட்ட.

பிறகு அந்த வெள்ளிநிற ருவீற்றரிலிருந்து, பிசிறில்லாமல், செபஸ்தியம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, நான் பொடியனோடை இஞ்சை நல்லாயிருக்கிறன்."

யாக்கோப்பு பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். கதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். முப்பது வருசமாக 'நீர்' என்றே கூப்பிட்ட மனிதர்.

"நீ ஆர்?"

நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

ஈரமான, நீளமான மூச்சு மட்டும் வந்தது.