மூன்று பேருக்குக் குங்குமம்

டிவியின் ஆறரை மணித் தொடரில் அன்று பெண்கள் யாரையும் காணவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வசனமில்லை, இசையில்லை, தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. யாராவது தும்மினால்கூட மூன்று தடவை இடி இடித்துக் காட்டும் தொடர் இன்றைக்கு இப்படி வாயை மூடிக்கொண்டதே என்று அனுராதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி வீடு. கீழே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பிய தூபப் புகை ஜன்னல் வழியாக ஏறி வந்து, கூடத்துக் கொலுப்படிகளைத் தடவி, அடுக்களையில் ஆறிக்கொண்டிருந்த சுண்டலின் தேங்காய் வாசனையோடு கலந்தது. சுண்டலை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மாற்றலாகிப் போய்விட்டன. கணவர் வைத்தியநாதன் இறந்து இரண்டு வருஷம். சால்ட் லேக்கில் வேலை பார்க்கும், வாய் திறந்தால் வங்காளம் கலக்கும் மகள் ஸ்னேகா, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று மாதத்தை ஓட்டிவிட்டாள். அந்த வீட்டில் அனுராதாவோடு தமிழ் பேச டிவியை விட்டால் வேறு நாதியில்லை.

முந்தாநாள் அந்த வயிற்றெரிச்சலில்தான் அப்படிச் செய்தாள். தொடரில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குங்குமச்சிமிழைத் திரைக்கு முன்னால் நீட்டி, ஊரில் வீடு வீடாகப் போய் அழைப்பது போலவே அழைத்தாள்.

"எங்காத்துல கொலு வெச்சிருக்கேன். நீங்களாவது வாங்கோ. மூணு பேரும் வரணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள்.

இப்போது திரையில் மாமனார் தலை நிமிராமல் கேட்டார்: "எங்க போயிருக்கா எல்லாரும்?"

"கல்கத்தாவுக்கு. கொலுவுக்குக் கூப்பிட்டிருக்காளாம்" என்றான் மூத்த மகன்.

அனுராதா ரிமோட்டை அழுத்தினாள். அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வாசல் மணி அடித்தது.

கதவிடுக்கு வழியாக மல்லிகை வாசனை வந்தது. பட்டுப்புடவைகள் உரசும் சத்தம். வளையல்கள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். மணி இன்னும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் செல்போன் அடித்தது.

"மா, சர்ப்ரைஸ்! கீழதான் நிக்கறேன்" என்றாள் ஸ்னேகா. "லிஃப்ட்லேர்ந்து மூணு ஆண்ட்டி வந்தா. நீ கூப்பிட்டுட்டு கதவே திறக்கலையாமே? ஈஷ், பாவம்மா! கொலுவுக்கு வந்துட்டு வெறுங்கையோட திரும்பக் கூடாதாம், சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா."

"ஸ்னேகா, அவாகிட்ட பேசாதே! பந்தலுக்கு ஓடு!"

"என்னம்மா? டாக் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. இரு, ஏன் ஆண்ட்டி கையைப் பிடிக்க…"

இணைப்பு அறுந்தது.

தாழ்ப்பாள்கள். படிகள். இறங்கி ஓடினாள். கீழே லிஃப்ட் திறந்தே கிடந்தது. அதன் தரையில் ஸ்னேகாவின் செல்போன். ஒற்றைச் செருப்பு. வேறு யாருமில்லை.

மேலேயிருந்து மகளின் குரல் கேட்டது. தன் வீட்டிலிருந்துதான். கடவுளே, பிழைத்தேன் என்று அழுதுகொண்டே படியேறினாள்.

கூடத்தில் யாருமில்லை.

திரையில் மேசை நிறைந்திருந்தது. ஆண்களுக்கு நடுவே ஸ்னேகா. வழித்துச் சீவிய தலை. பின்னல் முழுக்கப் பூ. மூன்று பெண்களும் அவளைச் சுற்றி நின்று பரிமாறினார்கள். அனுராதா டிவியின் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். ஸ்னேகா திரும்பவில்லை. இந்த வீட்டில் பல வருஷமாக அவள் சிரிக்காத சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, மாமியாரை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள், ஒரு வங்காளச் சொல்கூடக் கலக்காத தமிழில்.