புள்ளியேடும் மடலாளும்

அந்த அலுவலகத்தில் தனக்கு வரும் மடலைத் தானே படிக்கிற ஆள் ஜெபக்கனி ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் மடிக்கணினி இருந்தது. மடிக்கணினிக்குள் மடலாள் இருந்தது.

மடலாள் என்பது ஒரு நிரல். உங்களுக்கு வரும் மின்மடலைப் படிக்கும், நீங்கள் எழுதுகிற மாதிரியே பதில் எழுதி அனுப்பும், உங்களைத் தொந்தரவு செய்யாது. அது வந்த புதிதில், என்னதான் எழுதுகிறது என்று ஆட்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. தூத்துக்குடியிலிருந்து குளிர்பெட்டிகளில் இறால் ஏற்றி அனுப்பும் அந்த நிறுவனத்தில் மடல்கள் மழையாகக் கொட்டின. எழுதியவரும் இல்லை, படித்தவரும் இல்லை. இறால் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெபக்கனிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளிடம் இருந்தது புள்ளியேடு. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவி. மேலே ஒரே ஒரு வரி. அந்த வரியில் பிரெய்ல் புள்ளிகள் எழும்பும். விரலால் தடவிப் படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி வரும். கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், பஸ்ஸில் கதை படிக்கலாம், குறிப்பு எடுக்கலாம். அதற்கெல்லாம் தங்கமான கருவி. மின்மடல் என்று வந்துவிட்டால்தான் உயிரை எடுக்கும். படமோ அட்டவணையோ வந்தால் 'இணைப்பு உள்ளது' என்று சொல்லிவிட்டுக் கல்லாக நின்றுவிடும். மடலுக்குக் கீழே வால்போலத் தொங்கும் பழைய மடல்களை மடக்கி வைக்கத் தெரியாது. நாலு மடல் சேர்ந்தால் இடமில்லை என்று மூச்சு வாங்கும். மடலாளை ஓட்டுகிற தெம்பு அதற்குச் சுத்தமாக இல்லை.

"ஏ இசக்கி, ஆம்ஸ்டர்டாம்காரன் ஏதோ படம் அனுப்பியிருக்கான். என்னன்னு பாத்துச் சொல்லேன்" என்று பக்கத்து மேசை இசக்கியப்பனைக் கூப்பிடுவாள்.

"கெட்டுப்போன இறால்தான்க்கா. நேத்தும் இதத்தான பாத்தோம்?"

இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒருவரைக் கெஞ்சவேண்டியிருந்தது. மேலாளர் கோமதிநாயகம் வேறு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அந்தச் சின்னப் பெட்டிய நீங்க தடவித் தடவிப் படிக்கிறதப் பாத்தாலே மனசு நிறையுதும்மா" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை பார்த்த புகார்ப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாக இருந்தது. அனுபவத்தில் அவள்தான் மூத்தவள். ஆனால் இணைப்புகளை அடுத்தவர் உதவியில்லாமல் பார்க்கத் தெரிந்தவருக்கே அந்தப் பதவி என்று விதி. திரையில் இருப்பதை, படம் உட்பட, பேசிக் காட்டும் மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும். சொந்தக் கணினியை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே ஐப்பசி மழையில் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். இப்போது பங்குனி வெயில் கொளுத்தியது. மாதக் கடைசியில் பதவிக்கு ஆளை முடிவு செய்யப் போகிறார்கள். நடுவில் 'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படுகிறது' என்று மேலாளர் பெயரில் பதில் வந்தது. நன்றி என்று எழுதினாள். அந்த நன்றிக்கு நன்றி வந்தது.

ஒரு நாள் காலையில் சென்னைத் தலைமையகத்தின் மடலாள் அவளுக்கு எழுதியிருந்தது.

'புதிய செலவு எதையும் ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். மனிதர் படிக்கும் தடயம் உள்ள முகவரியை நிறுவனம் முழுவதும் தேடினோம். வரிவரியாகப் பொத்தான் அமுக்கப்படும் ஒரே முகவரி தங்களுடையது. கீழே உள்ள விண்ணப்பத்தைப் படித்து முடிவு சொல்லவும்.'

ஜெபக்கனி அமுக்கினாள். கனிவான பரிசீலனைகள், நன்றிகள், நன்றிக்கு நன்றிகள். ஆள்காட்டி விரல் மரத்துப்போன பிறகு அடியில் அந்த விண்ணப்பம் வந்தது. அவளுடைய விண்ணப்பம்தான்.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், என் மடிக்கணினி விஷயமா..."

"மடிக்கணினியா? எனக்கு அப்படி ஒண்ணும் வரலையேம்மா."

"வந்துச்சு சார். நீங்க ரெண்டு தடவ பதில் போட்டிருக்கீங்க."

"நானா?" கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன போட்டேன்?"

"ரொம்பப் பண்பா போட்டிருந்தீங்க சார்." அவள் குரலில் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன. "இப்ப என்னையவே முடிவு பண்ணச் சொல்லுதாங்க. என் விண்ணப்பத்துக்கு நானே சரின்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. "படிச்சவங்கதானம்மா முடிவெடுக்கணும்? இந்தக் கம்பெனியில படிச்சது நீங்க ஒருத்தர்தான். சரின்னு போடுங்க. எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போட்டாள். அந்த வாரமே மடிக்கணினி வந்துவிட்டது. முதல் வேலையாக ஆம்ஸ்டர்டாம் படத்தைத் திறந்தாள். 'பெட்டி நிறைய இறால்கள். தலைப்பகுதி கறுத்திருக்கிறது' என்று அது காதில் சொன்னது. யாரையும் கூப்பிடாமல், யார் கை ஓயும் என்று காத்திருக்காமல், கெட்டுப்போன இறாலைத் தானே தெரிந்துகொண்டதில் அவளுக்குக் கண் கலங்கியது. பதவியும் கிடைத்தது.

கூடவே தலைவலியும் வந்தது. நிறுவனத்தில் படித்து முடிவு சொல்லும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி மடலாட்களுக்குள் பரவிவிட்டது. தேங்கிக் கிடந்ததெல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. கேன்டீன் கிரைண்டர், லாரி டயர், கழிப்பறைக் கதவு, இயக்குநரின் சிங்கப்பூர்ப் பயணம். பயணம் வேண்டாம் என்று எழுதியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. புகார்களைத் தொடவே நேரமில்லை. வீட்டுக்குப் போனாலும் காதில் அந்தக் குரலே ஓடியது.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் காலாட்டிக்கிட்டு இருக்கான். நான் மட்டும் ஏன்டா படிச்சுச் சாகணும்?" என்றாள் இசக்கியிடம்.

"அதான் இப்ப மடிக்கணினி இருக்குல்லக்கா. மடலாளைப் போட்டு விடுங்க."

யோசித்தாள். எல்லோருக்கும் உள்ள வசதிதானே, தனக்கு மட்டும் என்ன தடை? போட்டு விட்டாள். தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், இசக்கியோடு எதிர்க்கடைக்குப் போய் ஆற அமர டீ குடித்தாள்.

"எப்படி இருக்குக்கா?"

"நிம்மதியா இருக்குடா. இன்னொரு வாழக்காய் பஜ்ஜி சொல்லு."

அவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, தலைமையகத்தின் மடலாள் நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரு மடல் அனுப்பியது.

'குளிர்கிடங்கின் பெரிய இயந்திரம் நிற்கப் போகிறது. மாற்று இயந்திரம் வாங்க மனித ஒப்புதல் தேவை. படிக்கும் மனிதர் எவரும் இப்போது எங்களுக்குத் தென்படவில்லை. இதைப் படிக்கும் மனிதர் யாராவது இருந்தால், தயவுசெய்து பதில் அனுப்பவும்.'

மறுநொடியே எல்லோரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. ஒருவர்கூட விடுபடவில்லை. முதலில் வந்தது ஜெபக்கனியுடையது.

'படித்தேன். தகவலுக்கு மிக்க நன்றி.'