உபசார அகராதி

உலகம்மை காலைச் சாப்பாட்டு வில்லையை விழுங்கிவிட்டு, வெப்ப உடுப்பையும் மூச்சுக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு, வாசலைப் பெருக்க வெளியே வந்தாள். வாசல் என்பது அரை மைல் நீளப் பனிக்கட்டி ஓடுபாதை. சனிக் கோளின் நிலவான டைட்டனின் ஆரஞ்சு வானம் ஓயாமல் உதிர்க்கும் கரியைத் தள்ளாவிட்டால் விமானத்தின் சறுக்குக்கட்டைகள் வழுக்காது. கோலம் போடாததுதான் பாக்கி.

மீத்தேன் ஏரியின் மட்டத்தை அளக்கும் அந்த நிலையத்துக்கு அவள் ஒருத்திதான் காவல். முன்பெல்லாம் புதுக்குடியிருப்பிலிருந்து ஆளில்லா ஊர்தி வந்து போகும். ஒற்றைப் பயணிக்காக அத்தனை தூரம் வருவது கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிட்டார்கள். சாமான்களை மட்டும் மேலே கடந்து போகும் கப்பலிலிருந்து போடுவார்கள். மனுஷியை அப்படி ஏற்றவும் முடியாது, போடவும் முடியாது.

புதுக்குடியிருப்பில் மகன் கோமதிநாயகம் இருந்தான். அவனைப் பார்க்க வேண்டுமானால் நிலையத்துச் சின்ன விமானத்தை அவளே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, தேர்வாளர் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்க, பிசகில்லாத ஒரு தரையிறக்கம் வேண்டும்.

டைட்டனில் ஏறுவது ஒரு விஷயமே இல்லை. காற்று கனம், ஈர்ப்பு சொற்பம். கிளம்பிய விமானம் இறங்க மனசில்லாமல் மிதக்கும். இறக்குவதுதான் வித்தை. தடித்த கையுறையோடு சுக்கானைப் பிடிக்கலாம், விசையைத் தட்டலாம், அவ்வளவுதான். மற்ற உத்தரவெல்லாம் வாயால். விமானத்தின் செவிமூளை சொன்னதைச் சொன்னபடி செய்யும். அதிலும் ஒரு விதி ரொம்பக் கறார்: இறங்கும் நேரத்தில் ஓட்டுபவர் பயந்து, ‘போய்ச் சுற்றி வா’ என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும், மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும்.

தேர்வாளன் ஜைலானி புதுக்குடியிருப்பில் உட்கார்ந்தபடி வாரம் ஒருமுறை பாடம் நடத்துவான். அவள் காதில் விழும் மனிதக் குரல் அநேகமாக அது ஒன்றுதான்.

“தம்பி, தொடும்போது மூக்கைத் தூக்கணுமா, தாழ்த்தணுமா?”

“எக்கா, இதைத்தான போன வாரமும் கேட்டீங்க?”

“தெரியும்லா. நீ சொன்னா கேக்க நல்லா இருக்கு.”

தேர்வு நாளன்று மூக்கைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, மிதப்பை அடக்கி இறக்கினாள். சறுக்குக்கட்டைகள் பனியைத் தொட்டன.

“எக்கா, பூ விழுந்த மாதிரி இறக்கிட்டீங்க! சரி, நான் வச்சிரட்டா?” என்றான் ஜைலானி.

உலகம்மைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வளர்ந்த வீட்டில் பழக்கியபடி வாய் தானாகச் சொன்னது:

“சரி தம்பி, போயிட்டு வாரேன்.”

செவிமூளை உத்தரவைக் கேட்டது. மோட்டார் முழு வேகத்தில் அலற, விமானம் வானத்தைப் பார்த்து எழும்பியது. பதறிப்போன உலகம்மை மோட்டாரின் விசையை அணைத்தாள். டைட்டனில் எதுவும் மெதுவாகத்தான் விழும். ஆகையால் தான் விழுவதை முழுசாகப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்தது. இடது சறுக்குக்கட்டை முறிந்தது. இறக்கை கரியில் புதைந்தது. அவள் வார்ப்பட்டையில் பக்கவாட்டாகத் தொங்கினாள்.

“போனோம்,” என்றது விமானம். “வருவதற்குள் நிறுத்திவிட்டீர்கள்.”

“எக்கா! உசுரோட இருக்கீங்களா?”

“இருக்கேன். தொட்டது தொட்டதுதான தம்பி? பாதித் தேர்ச்சியாவது போடு.”

“பாதித் தேர்ச்சின்னா பாதி வழிதான் வரலாம். பாதி வழியில ஏரி. சம்மதமா?”

அவிழ்த்துவிட ஆளில்லை. அவளே வாரைக் கழற்றி, தவழ்ந்து வெளியேறி, நிலையத்துக்கு நடந்தாள்.

விசாரணைக் குழு வானொலியில் கூடியது. “போவதாக இருந்தால் வருவதாக ஏன் சொன்னீர்கள்?” என்று கேட்டது.

“வாய் நிறையப் போறேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள் அவள்.

குழுவில் இருந்தவர்களும் அன்று காலை வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்கள்தாம். குற்றம் செவிமூளையுடையது என்று தீர்ப்பானது: அதற்கு மனிதர்களின் வழக்கம் தெரியவில்லை. எனவே ‘உபசார அகராதி’ என்று ஒன்றைத் தயாரித்து அதற்குள் ஏற்றினார்கள். பல தலைமுறைப் பேச்சுப் பதிவுகளைக் கொட்டி, யார் என்ன சொன்னார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டுச் செய்த அகராதி. ‘சாப்பிட்டுட்டுத்தான் போகணும்’, ‘உங்களைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்’, எல்லாவற்றுக்கும் சந்தை மதிப்பு என்ன என்று அதில் இருந்தது.

புதுச் சறுக்குக்கட்டை வானத்திலிருந்து விழுந்தது. அவளே பூட்டினாள். மறுபடி இறக்கினாள். வேண்டுமென்றே, “போயிட்டு வாரேன் தம்பி” என்றாள். விமானம் அசையவில்லை. உரிமம் கிடைத்தது.

உடனே மகனைக் கூப்பிட்டாள்.

“நாயகம், பாஸாயிட்டேன்லே!”

“சூப்பர்ம்மா! பெறகென்ன, கெளம்பி வாங்க. நம்ம வீடுதான, எப்ப வேணாலும் வாங்க. ஒரு மாசம் இருந்துட்டுப் போலாம்.” பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “சரிம்மா, பெறகு பேசுதேன்.”

நிலையத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பச்சை மிளகாயை ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டாள். விமானத்தில் ஏறி வாரை மாட்டினாள்.

“புதுக்குடியிருப்புக்குப் போணும். மகன் வாங்கன்னு கூப்பிட்டிருக்கான்.”

மோட்டார் சுழலவில்லை.

“அம்மா, நீண்ட வழி. மின்கலத்தை வீணாக்கக் கூடாது என்பதால் கேட்கிறேன்,” என்றது விமானம். “என்றைக்கு வருகிறீர்கள் என்று அவர் கேட்டாரா?”

உலகம்மை கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஏரியின் மேல் மழை, பெரிய பெரிய துளிகளாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

“கேக்கல.”

“அப்படியானால் அகராதிப்படி அந்த அழைப்பு…”

“அகராதியப் பாத்துத்தான் எனக்குத் தெரியணுமாக்கும்?” என்றாள் உலகம்மை. “பெத்தவளுக்குத் தெரியாதா? நீ கெளப்பு.”