தம்பூராவுக்குப் பின்னால்

விற்கிறவர் பேரம் பேசவில்லை. ரகுராமுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

திருவள்ளூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் அவன். பொருள் பிடித்துவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். இல்லாத குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போக வேண்டும், கூப்பிடுவார்கள். எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் லாரிப் புழுதி படிந்த அந்த வீட்டிலும் எல்லாவற்றையும் முறை தவறாமல் செய்தான். விற்கிற ஸ்டீவன் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து கார் டிக்கியில் வைத்தேவிட்டார்.

"விலையே சொல்லலியே சார்?"

"நீ இன்னா குடுக்குறியோ குடு நைனா. திருப்பி மட்டும் எடுத்துகினு வராத." கொஞ்சம் தயங்கினார். "ஊட்டுல புள்ளகுட்டி உண்டா?"

"இனிமேதான். இது ஏழாவது மாசம்."

டிக்கிக் கதவைப் பிடித்திருந்த ஸ்டீவனின் கை அப்படியே நின்றது. பெட்டியைத் திரும்ப எடுத்துவிடுவார் என்றுதான் ரகுராம் நினைத்தான். அவர் மெதுவாக, சத்தமே வராமல், கதவை அழுத்தி மூடினார்.

மனைவி மிருதுளாவுக்காகத்தான் இந்த அலைச்சல். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் நாள் முழுவதும் ஹால் சோபாவிலேயே கிடந்தாள். பாட்டு ஓடினால் மட்டும் பயம் கொஞ்சம் விலகி நிற்கும். ஆனால் பழைய பிரீ-ஆம்ப் ஓயாமல் இரைந்து அவளுக்குத் தலைவலியை உண்டாக்கியது. பிரீ-ஆம்ப் என்பது சி.டி. பிளேயருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தரகர் மாதிரி. நல்ல தரகர் தன் பங்குக்கு எதையும் சேர்க்கவும் மாட்டார், உருவவும் மாட்டார். சென்னையில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் கைவரிசை காட்டும் தரகர்கள்தான் கிடைத்தார்கள்: ஒன்று குரலை வீங்கவைத்தது, இன்னொன்று வயலினைச் சுரண்டி எடுத்தது. அதனால்தான், ஸ்டீவனிடம் ஒரு பிரீ-ஆம்ப் பெட்டி விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எளாவூர்.

அவர்கள் குடியிருந்த கும்மிடிப்பூண்டியில் அன்று மழை விட்ட சாயங்காலம். வீட்டுக்குப் பின்னாலிருந்த ரோலிங் மில்லிலிருந்து கம்பிக்கட்டுகள் சரியும் ஓசையும் கருகிய இரும்பு வாடையும் ஜன்னல் இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருக்க, அந்த இடுக்கில் ஒரு பழைய துண்டைச் செருகிவிட்டு, பெட்டியை இணைத்து, மனப்பாடமாகிப்போன ஒரு கச்சேரி சி.டி.யைப் போட்டான் ரகுராம். இரைச்சல் துளியும் இல்லை. நடுவில் பாடகி, இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம், பாடகிக்குச் சற்றுப் பின்னால் தம்பூரா என்று, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் ஒவ்வொருவரையும் தொட்டுவிடலாம் போல, அந்தப் பெட்டி ஆளாளுக்கு இடம் வகுத்து உட்காரவைத்தது.

தம்பூராவுக்குப் பின்னால் இன்னொருவரையும்.

ஈரமான மூச்சு. மூக்கால் விடுவதல்ல, வாயால் விடுவது. கூடவே, முரட்டுத் துணி ஒன்று தரையில் உரசும் சத்தம். இடம் கிடைக்காத ரசிகர் யாராவது மேடையில் ஏறி உட்கார்ந்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதே பாட்டை மறுபடியும் போட்டான்.

மூச்சு தம்பூராவுக்கு முன்னால் வந்திருந்தது.

சி.டி.யில் பதிந்தது இடம் மாறாது. அவசரமாகப் பழைய பெட்டியை மாட்டிப் பார்த்தான். வெறும் இரைச்சல்தான்.

"மறுபடியும் இதுவா?" என்று கண்ணை மூடியபடியே முனகினாள் மிருதுளா. "அந்தப் புதுசையே போடுங்க. அதுல பாப்பாகூட ஆடாம அசையாம கேட்டுச்சு."

"பாட்டுக்குள்ள வேற ஏதாச்சும் கேக்குதா உனக்கு?"

"வேற இன்னா கேக்கும்? வாங்குற வரைக்கும் குறை சொல்லுவீங்க, சரி. வாங்கினப்புறமுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகப் புதுப்பெட்டியை மறுபடியும் மாட்டினான். இப்போது மூச்சு பாடகிக்கும் வயலினுக்கும் நடுவில் இருந்தது. பாட்டு முடிவதற்குள் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஹாலுக்குள்.

சமையலறைக்குப் போய் ஸ்டீவனுக்கு போன் செய்தான்.

"சார், பெட்டியைத் திருப்பிக் கொண்டாறேன். குடுத்த காசு வேணாம். வேணும்னா மேல போட்டுத் தர்றேன்."

அவன் வம்சத்திலேயே எவரும் சொல்லாத வார்த்தை அது. மறுமுனையில் ஒரு லாரி கடந்து போனது.

"இப்ப எங்க உக்காந்துகினு கீது?" என்றார் ஸ்டீவன்.

எதைப் பற்றி என்று ரகுராம் இன்னும் சொல்லவே இல்லை.

"ஸ்பீக்கருக்கு... முன்னால."

"சம்சாரம்?"

"சோபால."

போன் வைக்கப்பட்டது.

ஹாலுக்கு ஓடினான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பாட்டு அறுந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. மிருதுளா தலையணையில் சாய்ந்தபடி, கண்மூடி, அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

டீப்பாயைத் தாண்டிற்று. துணி உரசிற்று. சோபாவின் ஓரம் அமுங்கியது. பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்கு இடம் விடுவதுபோல, மிருதுளா கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.

 

அவள் வயிற்றின் மேல் நைட்டித் துணி மெல்லக் குழிந்தது. ஒரு காது அளவுக்கு. மூச்சு நின்றது. கூர்ந்து கேட்கிறவர்கள் அடக்கிக்கொள்வார்களே, அப்படி.

பிளக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஸ்பீக்கர்கள் பேசத் தொடங்கின.

குடுகுடுவென்று ஒரு துடிப்பு. ஸ்கேன் அறையில் இருவரும் கைகோத்துக்கொண்டு கேட்ட அதே பாப்பாவின் துடிப்பு. சுத்தமாக. பிசிறில்லாமல். சோபா இருக்கும் இடத்திலிருந்து.

பிறகு டீப்பாய் இருக்கும் இடத்திலிருந்து.

பிறகு பாடகியின் இடத்திலிருந்து.

தம்பூராவுக்குப் பின்னால்.

அதற்கும் பின்னால்.

மிருதுளா கண் விழித்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கை வயிற்றின் மேல் ஊர்ந்தது. ஓரிடத்தில் அழுத்தியது. ஓர் அசைவுக்காகக் காத்திருந்தது. வேறோர் இடத்துக்கு நகர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில், அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.