முறுக்கு நீட்டும் கை

ஷாமினிக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பள்ளிக் கேன்டீனில் சிவப்பு ரோஜா சிராப் தண்ணீர் வாங்கினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அப்படிப்பட்டவள், தான் செதுக்கிய படத்தில் கை மாறிப்போனால் சும்மா இருப்பாளா?

மலேசியாவின் கிள்ளானில் அவள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் நாளைக்கு, யார் வந்தாலும் பலகாரம் கொடுத்து வரவேற்கும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. மண்டப வாசலில் ஒட்டுவதற்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அச்சுப் படம் செய்தார்கள். மெத்தென்ற லினோ தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே தகடு.

ஷாமினி செதுக்கியது, விருந்தாளிக்கு வலது கையால் முறுக்கு நீட்டும் ஓர் அம்மா. ஒரு கோடு பிசகினாலும் எல்லாம் பாழ் என்று பயந்து பயந்து செதுக்கியிருந்தாள்.

இன்று முதல் அச்சு எடுத்துத் தாளை உரித்தாள். அம்மா இடது கையால் முறுக்கு நீட்டினாள்.

ஷாமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மேசையில் முகுந்தன் ஒரு வெண்டைக்காயை மையில் தோய்த்துத் தாளில் குத்திக்கொண்டிருந்தான். எதையாவது நோண்டிப் பார்ப்பதே அவன் வேலை.

"நீதானே என் தகட்ட மாத்துன?" என்றாள்.

"சும்மா பழி போடாத லா. அது உன் தகடுதானான்னு பாரு" என்றான் முகுந்தன்.

பார்த்தாள். அவளுடைய தகடேதான். அதில் அம்மா வலது கையைத்தான் நீட்டினாள். அப்படியானால் தாளை மாற்றியிருப்பானோ? புதுத்தாளின் மூலையில் இரகசியமாக ஒரு புள்ளி வைத்து, முகுந்தனை விட்டுக் கண்ணை எடுக்காமல் மறுபடி ஒற்றினாள். புள்ளி இருந்தது. அம்மாவின் கை இடது கைதான்.

இனி யாரைச் சந்தேகப்படுவது? தகட்டையும் தாளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தன.

"அய்யோ, தாள்ல ஒத்துனா திரும்பிடுது."

"டீச்சர் முதல் நாளே சொன்னாங்களே. நீ கேக்கலையா?"

எப்படிக் கேட்டிருப்பாள்? அன்றைக்கு முழுவதும், தன் செதுக்கும் கத்தியை முகுந்தன் எடுத்துவிடுவானோ என்று அவனையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"சாரி முகுந்தா. நீ எதுவும் செய்யல" என்றாள். பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வர்றவங்களுக்கு இடது கையால பலகாரம் குடுத்தா என்ன நெனப்பாங்க? வேற தகடும் இல்ல. என் படத்த ஒட்ட முடியாது."

முகுந்தன் வெண்டைக்காயைக் கீழே வைத்தான்.

ஷாமினி அச்சடித்த தாளையே பார்த்தாள். மை இன்னும் பளபளத்தது. ஒரு தடவை ஒற்றினால் திரும்புகிறது. அதை இன்னொரு தாளில் ஒற்றினால்?

நன்றாக வந்திருக்கும் அச்சும் கெட்டுப்போகலாம். இதுவரை கெட்டுப்போகக்கூடிய எதையும் அவள் செய்ததே இல்லை.

"கெட்டுப்போனா போகட்டும்" என்று ஈர அச்சின் மேல் வெள்ளைத்தாளை வைத்துக் கரண்டியால் தேய்த்தாள். மெதுவாக உரித்தாள்.

வலது கை. ஆனால் அம்மா புகைக்குள் நிற்பதுபோல் மங்கலாக இருந்தாள்.

"மை பத்தல" என்றான் முகுந்தன்.

அடுத்த முறை தகட்டில் மையை அள்ளிப் பூசி, அதேபோல் இரண்டு தடவை ஒற்றினாள். அம்மாவின் முகம் அப்பிப்போய் மீசை முளைத்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்கடுத்த முறை தாளைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பார்த்தாள். புடவையின் ஓரங்கள் மெல்லப் பரவி, பட்டுப்போல் வந்தன. கத்தியால் அப்படிச் செதுக்கவே முடியாது.

மறுநாள் மண்டப வாசலில் அந்தப் படம் இருந்தது. பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து வந்த ஒரு குழந்தை, படத்தைப் பார்த்ததும் முறுக்கை வாங்கக் கையை நீட்டியது.