இன்னும் வந்துகொண்டிருக்கும் விவரங்கள்

கணவரின் வயிற்றில் அந்தத் தழும்பு இதுவரை இருந்ததில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? விரலால் தடவிப் பார்த்தாள். என்றோ ஆறிப்போன தழும்பாக வழவழவென்று இருந்தது.

மதியம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், அடித்துப் பிடித்து இந்த அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருந்தாள். முன்பு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் விவரம் தெரியாமல் ஊசி போட முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். நர்ஸ் கம்ப்யூட்டரில் தேடினாள். ஒரே பெயரில், ஒரே பிறந்த தேதியில் இரண்டு பேர். "இவர்தானேம்மா?" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். உயிர் ஊசலாடும்போது யார் உட்கார்ந்து படிப்பார்கள்? "அவர்தான், சீக்கிரம் போடுங்க" என்று தலையை ஆட்டிவிட்டாள்.

பினாயில் வாடைக்கும், மூச்சுக் கருவியின் சீறலுக்கும், துணித் தடுப்புக்கு அப்பால் யாரையோ தள்ளிக்கொண்டு போகும் சக்கரங்களின் கிறீச்சொலிக்கும் நடுவே, அந்த ஆஸ்பத்திரியிலிருந்து விவரங்கள் ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'டிங்'. முதல் வரி, குடல்வால் ஆபரேஷன்.

டிங்.

"சர்க்கரை முத்தி இடது காலை முட்டிக்குக் கீழ எடுத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

"ஐயோ, அது வேற யாரோ டாக்டர்! காலைல இவர்தான் நடந்துபோய்ப் பால் வாங்கிட்டு வந்தார்!"

டாக்டர் போர்வையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இடது முட்டிக்குக் கீழே போர்வை மெத்தையோடு படிந்து கிடந்தது.

அவள் கை கம்ப்யூட்டர் பக்கம் நீண்டது. "தப்பான ஆளைக் காட்டிட்டேன். அதை நிறுத்துங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"பயத்துல ஏதேதோ பேசறீங்கம்மா. உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

உட்காரவில்லை. கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தாள். வயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

டிங்.

மனைவி: காலமாகிவிட்டார்.

"இவர் கூட யார் வந்தது?" டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல டாக்டர். தனியாத்தான் வந்தார்" என்றாள், அவள் தோளை உரசி நின்ற நர்ஸ்.

அவள் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. நர்ஸின் கையைப் பிடித்து உலுக்கினாள். நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கணவரின் கையைப் பற்றினாள். கடவுளே, இவர் கண்ணைத் திறந்தால் போதும். இவருக்கு என்னைத் தெரியும். வேறு எதுவும் வேண்டாம்.

மருந்து ஏறியது. மூச்சு சீரானது. அவர் கண்ணைத் திறந்தார்.

நேராக அவளைத்தான் பார்த்தார்.

அந்த முகம் வெளிறியது. "உன்னைக் கொண்டுபோய் எரிச்சிட்டு வந்தேனே..."

"நான்தாங்க. இங்கதான் இருக்கேன்."

கையை உதறினார். "அவளைப் போகச் சொல்லுங்க! டாக்டர், அவளைப் போகச் சொல்லுங்க!" அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல், இருந்த ஒற்றைக் காலால் மெத்தையை உந்தி உந்திக் கட்டிலின் மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.