கட்டிலடி நூல்

காலையில் கட்டிலடியின் கடைசி மூலையில் போட்டுவிட்டுப் போன சிவப்பு நூல், மதியம் திரும்பியபோது தலையணைமேல் கிடந்தது. நேராக, யாரோ நீவிவிட்டதுபோல.

விமர்சகர் உதட்டைப் பிதுக்கினார். ஆடம்பர ஓட்டல்களில் ஓசியில் தங்கி, எந்தக் குழுமம் உசத்தி என்று எழுதுவது அவர் பிழைப்பு. கட்டிலுக்கு அடியிலும் பெருக்குகிறார்களா என்று பார்க்க நூல் அவருடைய சொந்தச் சோதனை. ஓட்டல் குழுமத்துக்கு ஒரு நிறம். பச்சை போட்ட இடத்தில் வரவேற்பறைக்குள் அருவியே விழுந்தது, கட்டிலடி நூல் மட்டும் மூன்று நாள் அசையவில்லை. நீலத்தில் பதினான்கு வகைத் தலையணை. பதினான்கிலும் யாரோ ஒருவருடைய முடி. சிவப்பில் சுத்தம் உண்டு, இங்கிதம் இல்லை என்று இப்போது குறித்துக்கொண்டார்.

பச்சையில் துப்புரவுப் பெண் ஒருத்தி கெஞ்சினாள்.

"கட்டில் நகராதுங்க சார். அந்த மூலைக்குக் கை எட்டல. எழுதிராதீங்க, வேலை போயிரும்."

எழுதினார். 'கை எட்டவில்லையாம், பாவம்' என்ற வரிக்கு வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை போனது. பிறகு அவள் செத்துப்போனதாக யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். கடிதத்தில் ஏகப்பட்ட எழுத்துப்பிழை. அவர் முழுக்கப் படிக்கவில்லை.

நூலை மறுபடி மூலைக்குச் சுண்டிவிட்டு முகம் கழுவப் போனார். குழாய்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு சரசரப்பு, கம்பளத்தில் முழங்கை ஊன்றி யாரோ நகர்வதுபோல. கூடவே மலிவான தரை கழுவும் திரவத்தின் நெடி, வாசனை மெழுகுவர்த்தியை மீறிக்கொண்டு மெல்ல ஏறியது.

வெளியே வந்தார். தலையணைமேல் இரண்டு நூல்.

ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

வரவேற்பறைக்குப் போன் போட்டார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் கண் கட்டிலடிக்குப் போனது. யார் உள்ளே வந்தது என்று கேட்டார்.

"உங்க அறைக்கு இன்னிக்கு யாரையும் அனுப்பலையே சார்."

கதவுக்குப் போகக் கட்டிலைத் தாண்ட வேண்டும். கட்டில் விரிப்பின் ஓரம் லேசாக ஆடியது.

அறை பெரியது. அதற்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுத்திருந்தார். பின்னால் நகர்ந்து எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டார். கட்டிலிலிருந்து பதினைந்தடி இருக்கும்.

விரிப்பு விலகியது. விரல்கள். திரவத்தில் வெந்து வெளுத்த நகங்கள். மணிக்கட்டு. முழங்கை.

அப்புறம் அதே கையில் இன்னொரு முழங்கை.

அப்புறம் இன்னொன்று.

கம்பளத்தைத் தடவித் தடவி வந்தது. அவசரமே இல்லை. வழியில் கிடந்த ஒரு தூசியைப் பொறுக்கிக்கொண்டது.

சுவர்வரைக்கும் எட்டியது.